செம்பி பார்த்த பக்கம்

தோகா, கட்டார்
09.06.2024

அன்பின் ஜெயனிக்கு,

நான் சுகம். உமக்கும் ஒரு குறையும் வராமலிருக்க மாதாவை மன்றாடுகிறேன். போனில் கதைத்தால் நமக்குச் சண்டையில்தான் முடிகிறது, எழுதிப் பாருங்கள் என்று பங்குச் சுவாமி சொன்னதால் பேனையை எடுத்தேன்.

நீர் போனைச் சாத்திவைத்து எடுத்த செம்பியின் வீடியோவை, லாயத்தில் என்னோடு வேலை செய்கிறவர்களுக்குக் காட்டினேன். நுவரெலியா ஓட்டத்தில் கழித்துவிட்ட குதிரை என்று ஒருவரும் நம்பவில்லை. நான் லீவில் வந்து வாங்கி வீட்டில் கட்டியபோது சொப்பிங் பை பறந்தாலே அறுத்துக்கொண்டு ஓடும். இப்போது நீர் தடியில் பையைக் கட்டி முதுகைத் தடவுகிறீர், நிற்கிறது. கயிற்றை மெல்ல இழுத்து, ஓரடி வந்ததும் தளர்த்துகிறீர். நான் சொன்னபடிதான். சந்தோசம்.

ஆனால் ஒன்று கேட்க வேண்டும். கடைசியில் நீர் ஒன்றும் காட்டாமலே செம்பி நின்று, தலையைத் தாழ்த்தி இடப்பக்கம் பார்க்கிறது. நீரும் கயிற்றைப் போட்டுவிட்டு அந்தப் பக்கமே திரும்புகிறீர். அதோடு வீடியோவை வெட்டியிருக்கிறீர். அங்கே நின்றது யார்?

குறை நினைக்க வேண்டாம். தூரத்தில் இருக்கிறவனுக்கு எல்லாம் பெரிதாகத்தான் தெரியும்.

அன்புடன்,
றெனால்ட்


பள்ளிமுனை, மன்னார்
30.06.2024

அன்புள்ள அத்தானுக்கு,

கடிதம் கண்டு முதலில் சந்தோசம், பிறகு அழுகை. வெயிலில் திரியாதீங்கோ, போன முறை மெலிந்துதான் வந்தீர்கள்.

அங்கே ஒருவரும் நிற்கவில்லை. ஆறு மணிக்குத் திரிகாலச் செப மணி அடிக்கும். நான் எந்த வேலையிலும் கயிற்றைப் போட்டுவிட்டுக் கோயில் பக்கம் திரும்பிச் செபம் சொல்லுவேன். செம்பிக்கு அது பழகிவிட்டது. மணி கேட்டால் தானே நிற்கிறது. பக்கத்து வீட்டு நூர்ஜஹான் அக்கா, "உங்கட குதிரையும் வேதத்தில சேர்ந்திட்டுது போல" என்று பகிடி பண்ணுகிறா. செபம் சொல்வதைக் காட்டுவானேன் என்று வெட்டினேன். அவ்வளவுதான்.

போன வருசம் மீன்காரர் கூடையை இறக்கித் தந்ததற்கும் இப்படித்தான் கேட்டீர்கள். அதற்கு முன் மீற்றர் பார்க்க வந்தவர்.

தலைமன்னார் ஹோட்டல்காரர் வந்து பார்த்தார்கள். பிள்ளைகள் ஏறினாலும் வெருளாது என்று தெரிந்தால், கடற்கரைச் சவாரிக்கு எடுப்பார்களாம். அது சரிவந்தால் நீங்கள் தோகாவை விட்டு வந்துவிடலாம். அதற்காகத்தான் தினமும் மண்ணில் கிடந்து பாடுபடுகிறேன். இந்த முறையாவது என்னை நம்புங்கோ.

உங்கள்
ஜெயனி


தோகா
21.07.2024

ஜெயனிக்கு,

மணி என்கிறீர். வீடியோவைத் திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்டேன். மணிச் சத்தமே இல்லை. சோழகக் காற்று இரைந்தது, அதில் அமுங்கிவிட்டது என்பீர். இருக்கலாம். ஆனால் குதிரை மணிக்குத் தலை தாழ்த்துமென்று இங்கே ஒருவரும் கேள்விப்பட்டதில்லை. ஆளைக் கண்டுதான் தாழ்த்தும் என்கிறார்கள்.

செம்பியை லொறியில் கொண்டுவந்து இறக்கிய பார்த்தீபன் இன்னும் புல்லுக் கொண்டுவருகிறாராம், அம்மா சொன்னா. அதை நீர் ஏன் எழுதவில்லை? நெருப்பில்லாமல் புகையுமோ?

இந்த வருசம் லீவு இல்லையென்று சொல்லிவிட்டார்கள். நத்தார்ப் பண்டிகைக்கும் வரமாட்டேன். எதிர்பார்க்க வேண்டாம்.

றெனால்ட்


பள்ளிமுனை
25.08.2024

அன்புள்ள அத்தானுக்கு,

நீங்கள் வந்துபோனதை நான் ஒருவருக்கும் சொல்லவில்லை, உங்கள் அம்மாவுக்கும்கூட.

வியாழன் பின்னேரம் மணி அடித்ததும் கோயில் பக்கம் திரும்பினேன். செம்பி திரும்பவில்லை. ஓலை வேலியைப் பார்த்தபடி காதை நிமிர்த்திக்கொண்டு நின்றது. வேலிப் பொத்தலில் நீலச் சேட் தெரிந்தது. நான் வாங்கித் தந்த சேட் எனக்குத் தெரியாதா?

எனக்குக் கோபம் வரவில்லை. வந்துவிட்டீர்கள் என்ற சந்தோசம்தான். ஓடிவந்து கையைப் பிடிக்க நினைத்தேன். ஆனால் ஒரு குதிரை உம்மைச் சந்தேகப்பட்டால் அதன் பின்னால் போகாதேயும், முதுகைக் காட்டிக்கொண்டு நில்லும், தானாக வரும் என்று நீங்கள்தானே சொல்லித் தந்தீர்கள். அப்படியே நின்றேன். செபம் முடிந்தும் நின்றேன். "ஜெயனி, நான்தான்" என்று ஒரு சொல் சொல்லியிருந்தால் எல்லாவற்றையும் மறந்திருப்பேன்.

இருட்டத் தொடங்கியபோது பின்னால் மண் நெரிகிற சத்தம் கேட்டது. தோளில் மூச்சுப் பட்டது. சிரித்துக்கொண்டு திரும்பினேன்.

செம்பிதான் நின்றது. வேலிக்கு அப்பால் ஒருவருமில்லை.

மணி கேட்டிருப்பீர்கள். ஒருவரும் வரவில்லை என்றும் கண்டிருப்பீர்கள். அதற்குப் பிறகும் ஏன் உள்ளே வரவில்லை என்று யோசித்து யோசித்துக் களைத்துவிட்டேன். பார்த்தீபன் அண்ணை பெண்சாதியோடுதான் புல்லுக் கொண்டுவருகிறவர். கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன்.

ஹோட்டல்காரர் சம்மதித்துவிட்டார்கள். குதிரையோடு என்னையும் வேலைக்கு எடுக்கிறார்கள், தங்க அறையும் உண்டு. வீட்டைப் பூட்டித் திறப்பை உங்கள் அம்மாவிடம் கொடுத்திருக்கிறேன். இனி நீங்கள் வந்து எந்த அறையையும் திறந்து பார்க்கலாம்.

ஜெயனி