கை மாறின இடம்

சண்டை போட ஆளில்லாமல் என்னைத் தனியே விட்டுப்போன என் வீட்டுக்காரருக்கு,

நன்றாக இருக்கிறீர்களா என்று உங்களைக் கேட்கலாமா, தெரியவில்லை, கேட்கிறேன். இங்கே எல்லோரும் சௌக்கியம். நம் மலருக்கு ஆவணியில் கல்யாணம். மாப்பிள்ளை நல்ல பிள்ளை. உங்களைப் போலவே வாய் திறக்கமாட்டார், பேச்செல்லாம் அவள்தான் பேசியாக வேண்டும்.

ஆடிக்கு அம்மனுக்கென்று வருஷா வருஷம் ஒரு பட்டு நெய்வீர்களே, இந்த வருஷத்துப் புடவையைப் பாதியில் விட்டுப் பங்குனியிலேயே போய்விட்டீர்கள். கோயிலில் கொடுத்ததும் திரும்பிப் பார்க்காமல் வந்துவிடுவீர்கள். அம்மனுக்குச் சாத்தினார்களா, பிறகு யார் ஏலத்தில் எடுத்தார்கள், ஒன்றும் விசாரிக்கமாட்டீர்கள். நான் கத்துவேன். "நெய்யறது நம்ம வேல, கட்டறது அவ இஷ்டம். நீ ஏன் பேஜார் ஆவுற?" என்பீர்கள். பலனை எதிர்பாராமல் செய் என்று பெரியவர்கள் சொல்வது கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. அடுப்பெரிக்கும் வீட்டில் அது அவ்வளவு சுலபமா, சொல்லுங்கள்?

தறியிலிருந்த அந்தப் பாதியை மலர் கேட்டாள். அப்பா கடைசியாக நெய்தது, முகூர்த்தத்துக்கு அதைத்தான் கட்டுவேன் என்றாள். எனக்கும் அதுதான் நியாயமாகப் பட்டது. அம்மனுக்கு ஆயிரம் புடவை வரும். என் பெண்ணுக்கு அப்பா ஒருத்தர்தானே?

மீதியை நெய்ய நானே தறியில் உட்கார்ந்தேன். உங்கள் கை இழையை மெத்தென்று தட்டும். என் கை என் வாயைப் போல, ஓங்கித்தான் அடிக்கும். கை மாறின இடத்தில் குறுக்கே ஒரு கோடு விழுந்துவிட்டது, பிரித்து நெய்தும் போகவில்லை. நம் சனத்தைத் தெரியாதா? கல்யாண வீட்டில் பெண்ணின் முகத்தைப் பார்ப்பதற்கு முன் புடவையைத் தடவிப் பார்க்கிறவர்கள். உடனே என் புத்தி போன போக்கைக் கேளுங்கள். இது கோயிலுக்கே போகட்டும், உனக்கு வேறு நெய்துகொள்ளலாம் என்று மலரிடம் சொல்லிவிட்டேன்.

அவள் கோபிக்கவில்லை. தறியருகே குனிந்து அந்தக் கோட்டை விரலால் தடவினாள்.

"இதுவரிக்கும் அப்பா, இங்கருந்து நீ. இதவிட நல்ல பொடவ எனுக்கு யாரும்மா குடுப்பாங்க?"

உடைந்துபோனேன். குறை என்று நினைத்தவரையில் அதை அம்மனிடம் தள்ளிவிடப் பார்த்தேன். அருமை தெரிந்ததும் கொடுக்க மனம் வரவில்லை. வேண்டாததைக் கொடுத்தால் அது காணிக்கையா, கழித்துவிடுவதா? நீங்கள் கொடுத்த ஒவ்வொன்றும் இப்படித்தான் வலித்ததா? ஒரு நாளும் சொல்லவில்லையே.

நினைத்ததையெல்லாம் மலரிடம் சொன்னேன்.

"அப்போ இப்பதாம்மா குடுக்கணும்" என்றாள்.

ஆடி வெள்ளியன்று அவள் கையாலேயே கொடுத்தோம். சாத்துவதைப் பார்த்துவிட்டுப் போங்கள் என்றார் பூசாரி. நாங்கள் நிற்கவில்லை. வழியெல்லாம் இருவரும் அழுதோம், ஆனாலும் மனசு லேசாகத்தான் இருந்தது. முகூர்த்தப் புடவைக்குத் தறியில் வேறு பாவு நூல் ஏற்றியாகிவிட்டது.

வருகிற ஆடிக்கும் அம்மனுக்கு நெய்வேன். யார் கட்டினார்கள் என்று விசாரிக்கமாட்டேன், சத்தியம். ஆனால் அந்தப் புடவையில் கோடு விழாது. முதல் இழையிலிருந்து என் கை மட்டும்தான்.

உங்கள் சண்டைக்காரி,
மலரின் அம்மா