வால் யார் பக்கம்

அக்டோபர் 9

எழுதுவதற்கு முதலில் ஒரு மன்னிப்பு. இந்த நோட்டு வேலைக்காகக் கொடுத்தது. முன்பக்கங்களில் நேர்காணல் கேள்விகள் இருப்பதால் கடைசிப் பக்கத்திலிருந்து தொடங்குகிறேன். எங்கள் வீட்டில் யாரும் தன்னைப் பற்றி ஒரு வரி எழுதியதில்லை. எழுதும் அளவுக்கு நான் யார் என்று கூச்சமாகத்தான் இருக்கிறது. ஆனால் இதைச் சொல்ல எனக்கு ஆள் இல்லை.

சித்தீக் அண்ணன் பழைய தமிழ் காமிக்ஸ்களைத் தேடி மறுபதிப்புப் போடுகிறவர். சொந்த ஊர் அதிராம்பட்டினம், பதிப்பகம் தஞ்சாவூரில். கதை எழுதியவர்களையும் படம் வரைந்தவர்களையும் பார்த்துப் பேசி, புத்தகத்தின் பின்னால் வரும் உரையாடலை எழுதுவது என் வேலை. சேர்ந்து நாலு மாதம் ஆகிறது. இன்று அடுத்த புத்தகத்தின் பெயரைச் சொன்னார்.

‘நாலாம் மதகு’.

“என்ன அபி, முழிக்கிற? படிச்சதில்லையா?”

படித்திருக்கிறேன் என்று தலையாட்டினேன். அதில் வருகிற லஸ்கர் என் அப்பா என்று சொல்லவில்லை.

அக்டோபர் 11

ஒரு தடவையாவது முழுதாக எழுதிவிடுகிறேன்.

அப்போது எனக்கு மூன்று வயது. ஐப்பசிக் கடைசி, ஆறு கரை தொட்டு ஓடியது. மதகுப் பலகையை ஏற்றுவது, இறக்குவது, கரையைப் பார்ப்பது, சாவி வைத்திருப்பது எல்லாம் அப்பாதான். அதுதான் லஸ்கர் வேலை. ஒரு விடியற்காலை மதகுக்குப் பக்கத்தில் கரை உடைந்து கீழத்தெருவுக்குள் தண்ணீர் புகுந்தது. அந்தத் தெருப் பையன் வீரமணியின் அம்மாவை அது கொண்டுபோய்விட்டது. அவனுக்கு அப்போது பத்து வயது.

விசாரணை நடந்தது. கரை தானாக உடைந்தது என்று எழுதி முடித்தார்கள்.

மறு வருஷம் ‘நாலாம் மதகு’ வந்தது. யாரோ மதகைத் திறந்துவிட, ஒரு ஊர் மூழ்குகிற கதை. நாற்பத்தொன்றாம் பக்கத்தில் மிராசுதாரும் லஸ்கரும் எதிரெதிரே நிற்கிறார்கள். “நான்தான் திறந்து விட்டேன்” என்கிறான் லஸ்கர். அந்த லஸ்கருக்கு அப்பாவின் முகம். புருவத்துத் தழும்புகூட அப்படியே இருக்கிறது.

ஊர் அறிக்கையைப் படிக்கவில்லை. புத்தகத்தைப் படித்தது.

பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் அந்த வரியை என் முதுகுக்குப் பின்னால் ஒரே குரலில் சொல்வார்கள். அப்பா தெருவில் போனாலும் சொல்வார்கள். அவர் ஒரு நாளும் மறுத்துப் பேசியதில்லை. அம்மாதான், “கதைய கதையா பாக்கத் தெரியாத சனம்” என்று பாத்திரத்தைப் போட்டு உருட்டும்.

அக்டோபர் 15

ஓவியர் ரெங்கசாமி சார் வீடு. இந்த வயதிலும் அவர் கை நடுங்கவேயில்லை. ஒரே இழுப்பில் ஒரு நாரையை வரைந்து காட்டினார்.

முகங்களை எப்படிப் பிடிக்கிறீர்கள் என்று கேட்டேன்.

“முகம் கற்பனைல வராதும்மா. எங்கயாவது பாத்ததுதான் வரும். இந்த லஸ்கர் நெசமான ஆளு. ஒரு மதகுல உக்காந்து வரைஞ்சிட்டு இருந்தேன், டீ வாங்கியாந்து குடுத்தாரு. சூதுவாது தெரியாத முகம். அதான் நல்லவனுக்கு வச்சேன்.”

“நல்லவனா சார்?”

“பின்ன? தொறந்தது மிராசுதானே.”

நோட்டில் கேள்விகள் எழுதிய பக்கத்தைத் தேடுவதுபோல் குனிந்துகொண்டேன். அவர் மூலப் பக்கத்தை எடுத்து வந்து காட்டினார். அச்சில் வந்ததைவிடப் பெரிய அட்டை, கோடுகள் துல்லியம். மிராசுதாரின் வாய் திறந்திருக்கிறது, பல் தெரிகிறது. லஸ்கரின் வாய் இறுக மூடியிருக்கிறது.

எத்தனை தடவை பார்த்த பக்கம். அப்பாவின் வாய் மூடியிருப்பதை நான் எப்படிப் பார்க்காமல் போனேன்?

அக்டோபர் 16

மழை பிடித்துவிட்டது. அப்பாவிடம் கேட்க நினைத்தேன். சாப்பிட்டுவிட்டுக் குடையை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

அக்டோபர் 22

தீபாவளிக்கு வீரமணி சிங்கப்பூரிலிருந்து வந்திருக்கிறான். பஸ் நிறுத்தத்தில் பக்கத்தில் வந்து நின்றான். இத்தனை வருஷத்தில் என்னோடு பேசியதே இல்லை.

“அபி, அந்தப் புத்தகம் திரும்ப வருதாமே? ஃபேஸ்புக்ல பாத்தேன். எனக்கு ஒண்ணு எடுத்து வை.”

சரி என்றேன்.

“என்கிட்ட இருந்தது கிழிஞ்சி போச்சு. நாப்பத்தொண்ணாம் பக்கம் மட்டும் இருக்கு.” பர்ஸைத் திறந்து காட்டினான். மடித்து, லேமினேட் செய்து வைத்திருக்கிறான். சிங்கப்பூரிலும் அது அவன் பையில்தான் இருந்திருக்கிறது.

பஸ் வந்தது. ஏறப் போனவளிடம் மெதுவாகக் கேட்டான்: “உங்கப்பா இன்னும் சாயங்காலம் மதகு வரைக்கும் தனியாத்தான் நடக்குறாரா?”

தலையாட்டிவிட்டேன். ஏன் ஆட்டினேன்? எதைக் கேட்டாலும் ஆட்டுகிற தலை.

அக்டோபர் 27

ஈஸ்வரி அம்மா. ‘நாலாம் மதகு’க்கு எழுத்து எழுதியவர். அந்தக் காலத்தில் வசனத்தைத் தனித்தாளில் கையால் எழுதி, பலூன் பலூனாக வெட்டிப் படத்தில் ஒட்டி, கடைசியில் வால் போடுவார்களாம். பேசுகிறவர் பக்கம் நீள்கிற அந்தச் சின்ன வால்.

நாற்பத்தொன்றாம் பக்கத்தை நீட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு சிரித்தார்.

“அட, இதுவா! முதல்ல லஸ்கர் ‘யார் திறந்தது?’ன்னு கேக்கணும், மிராசு பதில் சொல்லணும். ஆனா ரெங்கசாமி மிராச இடப்பக்கம் வரைஞ்சிட்டாரு. கேள்வி இடப்பக்கம் வந்தாத்தானே முதல்ல படிப்பாங்க? அத மிராசு தலைக்கு மேலயே ஒட்டிட்டேன். சரியா வால் போட்டா ரெண்டும் ஒண்ணுக்கொண்ணு குறுக்க வெட்டும். வால் வெட்டக் கூடாது கண்ணு, அது எங்க தொழில்ல பெரிய அசிங்கம். மணி அஞ்சு, ஆபீஸ் பையன் பார்சலுக்கு நிக்கிறான். அவங்கவங்க தலைக்கு மேல இருந்த பலூனுக்கு நேரா கீழ போட்டுட்டேன்.”

“அதனால…”

“அதனால என்ன? ஆள் மாறிப்போச்சு. யாரு உத்துப் பாக்கப் போறா?”

முறுக்கு கொடுத்தார். தின்றேன். நல்ல மனுஷி. அதுதான் தாங்க முடியவில்லை. கெட்டவளாக இருந்தால் திட்டியாவது இருப்பேன். வால் குறுக்கே போகக் கூடாதாம்! எங்கப்பாவ இருவது வருஷமா நிக்க வச்சிருக்கீங்களேம்மா…

நவம்பர் 3

திருவாரூர். கதாசிரியர் இளவழகன். வழியெல்லாம் நட்ட வயலும் ஆறும் ஒரே மட்டமாகத் தெரிந்தன.

வாலைப் பற்றிக் கேட்டதும், “ரெக்கார்டர நிறுத்துங்க” என்றார். நிறுத்தினேன்.

“தப்பா வந்ததாலதான் அந்தக் கதை நின்னுச்சு. மிராசு தொறந்தான்னா அதுல என்ன இருக்கு? எல்லாரும் நினைக்கிறதுதான். நல்லவன் தொறந்தான்னதும் கடுதாசி மூட்டையா வந்துச்சு. ரெண்டாம் பாகத்தையே அதுக்கு ஏத்த மாதிரி மாத்தி எழுதினேன், அத வரைஞ்சது வேற ஆளு. இன்னிக்கும் அந்தப் பக்கத்தைத்தான் பேசுறாங்க.”

“அந்த முகத்துக்கு ஒரு ஆள் இருந்தா சார்?”

என்னை உற்றுப் பார்த்தார். “எல்லா முகத்துக்கும் ஆள் இருக்கும்மா. கதைக்காரன் அத யோசிச்சா எழுத முடியாது. இது வெளிய வேணாம், சரியா?”

தலையாட்டினேன்.

நவம்பர் 7

தலையாட்டியதை மீறிவிட்டேன். சித்தீக் அண்ணனிடம் வால் மாறியதைச் சொல்லி, மாற்ற முடியுமா என்று கேட்டேன்.

“பக்கமெல்லாம் அச்சுக்குப் போயிருச்சு அபி. உன் உரையாடல் மட்டுந்தான் பாக்கி. அதோட அந்தப் பக்கத்த மாத்துனா மீதிப் புத்தகமே நிக்காது. ஏன், உனக்கு என்ன இவ்வளவு அக்கறை?”

சொல்லியிருக்க வேண்டும். மூன்றே வார்த்தை. “சும்மாண்ணே” என்றேன்.

ஒன்று மட்டும் செய்தேன். ரெங்கசாமி சாருடன் பேசிய பகுதியின் முடிவில் ஒரு வரி சேர்த்தேன்: ‘நாற்பத்தொன்றாம் பக்கத்தில் லஸ்கரின் வாயைப் பாருங்கள், அது மூடியிருக்கிறது.’ மெய்ப்பில் அந்த வரி அப்படியே இருக்கிறது.

நவம்பர் 12

ஆறு ஏறுகிறது. அப்பா இன்று இரண்டு தடவை மதகுக்குப் போனார். ஓய்வு பெற்ற ஆளுக்கு அங்கே என்ன வேலை? வீரமணியும் கரையில் நின்றானாம். அம்மா சொன்னது. இருவரும் பேசவில்லையாம்.

நவம்பர் 18

இன்று சாயங்காலம் வீரமணி வந்தான். புத்தகம் நேற்றுதான் கடைக்கு வந்தது. நான் எடுத்துக் கொடுப்பேன் என்று காத்திருக்கவில்லை. பஸ் ஸ்டாண்டுக் கடையில் வாங்கிவிட்டான். மழையில் நனைந்து, புத்தகத்தைப் பாலிதீன் பைக்குள் வைத்து மார்போடு அணைத்திருந்தான். உள்ளே கூப்பிட்டோம். வரவில்லை. வாசலில் நின்றபடியே பேசினான்.

நான் பயந்தது அடிக்கு. அவன் அடிக்க வரவில்லை.

“உங்க பொண்ணு பின்னாடி எழுதியிருக்கு, வாய் மூடியிருக்குன்னு. நானும் பாத்தேன். மூடித்தான் இருக்கு. இத்தன வருஷம் வச்சிருந்தேன், நான் பாக்கல.” பையோடு புத்தகத்தை அப்பா பக்கம் நீட்டினான். “நீங்களே சொல்லுங்க மாமா. நீங்க தொறக்கலன்னு ஒரு வார்த்த சொல்லுங்க. நான் போயிர்றேன்.”

மாமா என்றான். எங்கள் வீட்டை யாரும் முறை சொல்லிக் கூப்பிட்டு எத்தனையோ வருஷம் ஆகிறது. சொல்லுங்கப்பா, சொல்லுங்க என்று எனக்குள் ஓடிக்கொண்டே இருந்தது. அம்மா அடுப்பங்கரை வாசலில் கையைத் துடைத்துக்கொண்டு நின்றது.

அப்பா அவனை நிமிர்ந்து பார்த்தார். பார்த்துவிட்டுச் சொன்னார்:

“நான்தான் திறந்து விட்டேன்.”

அம்மா, “அய்யோ, என்ன பேசுறீங்க!” என்றது. வீரமணி புத்தகத்தைப் படியில் வைத்தான். ஈரமான படி. “சரி. மழை விடட்டும். வர்றேன்” என்றான். கத்தவில்லை. கத்தியிருந்தால் நான் இன்று தூங்கியிருப்பேன்.

நவம்பர் 19

மழை குறைந்திருக்கிறது. அப்பா கிணற்றடியில் பல் துலக்கிக்கொண்டிருக்கிறார், எப்போதும்போல.

நேற்று அவர் சொன்னதை நூறு தடவை ஓட்டிப் பார்த்துவிட்டேன். அப்பா தன் வாயால் ‘திறந்து விட்டேன்’ என்று சொல்லி நான் கேட்டதே இல்லை. ‘பலகையத் தூக்கினேன்’ என்பார், ‘பலகைய எறக்கினேன்’ என்பார். மதகுக்காரர்கள் அப்படித்தான் பேசுவார்கள். நேற்று அவர் வாயில் வந்தது ஈஸ்வரி அம்மா பேனாவால் எழுதி வெட்டி ஒட்டிய வாக்கியம். ஊர் சொல்லிச் சொல்லி அவருக்கே மனப்பாடமாகிவிட்டது. இல்லை, அந்த வாக்கியத்துக்குப் பின்னால் வேறு ஏதாவது இருக்கிறதா? மூன்று பேரிடம் போய் மணிக்கணக்கில் கேட்டேன். கேட்க வேண்டியவர் எனக்குச் சோறு போட்டுக்கொண்டு எதிரில்தான் இருந்தார்.

அப்பா, நேரில் கேட்க எனக்கு வாய் வராது. அதனால் இந்த நோட்டை இந்தப் பக்கத்தில் திறந்து உங்கள் துண்டுக்கு அடியில் வைக்கிறேன். அம்மாவைப் படிக்கச் சொல்லாதீர்கள். மெதுவாக நீங்களே படியுங்கள். வெயில் வருவதற்குள், வீரமணி வருவதற்குள், அன்று விடியற்காலை என்ன நடந்தது என்று உங்கள் சொல்லில் எனக்கு மட்டும் சொல்லுங்கள். பலகையைத் தூக்கியிருந்தாலும் சொல்லுங்கள்.