டாக்டரிடமும் அம்மா மறைத்த சர்க்கரை

பிள்ளைப்பாக்கம்,
ஞாயிற்றுக்கிழமை

அன்பு மகன் பகலவனுக்கு,

அப்பா எழுதுவது. ஜப்பான் குளிரில் உடல்நலம் கெடாமல் இருப்பாய் என நம்புகிறேன். இங்கு நான் நலம், உன் தங்கை சுபஸ்ரீ நலம். அம்மாவும் நலம் என்று வழக்கப்படி எழுதக் கை வரவில்லை. போனில் பேசலாம்தான், உன் குரல் கேட்டதும் அவள் ஸ்பீக்கரில் போடச் சொல்வாள், இருவரும் சேர்ந்து சிரித்தே என் வாயை அடைத்துவிடுவீர்கள். ஆகவே எழுதுகிறேன், சுபஸ்ரீ இதைப் படம் எடுத்து இன்றே உனக்கு வாட்ஸ்அப்பில் அனுப்புவாள். முழுவதும் படி.

என் கம்பெனியின் குரூப் இன்சூரன்ஸ் எனக்கு வேலை உள்ளவரைதான், அதனால் அம்மாவுக்குத் தனியாக ஒரு மருத்துவக் காப்பீடு எடு என்று சொன்னவன் நான். நம் பக்கத்து ஆஸ்பத்திரிகள் அதில் சேருமா, அறை வாடகைக்கு வரம்பு உண்டா, ஏற்கெனவே உள்ள நோய்க்கு எவ்வளவு காலம் காத்திருக்க வேண்டும், இவற்றைப் பார்த்துத் தேர்ந்தெடு என்றும் சொன்னேன். நீ பார்த்தது பிரீமியம் குறைவா என்பதை மட்டும். பழைய ரூம்மேட் என்பதற்காக அந்த ஏஜெண்ட் அருள்பாண்டியிடம் கொடுத்தாய். நான் ஷிஃப்டில் இருந்த நேரம் அவன் நம் வீட்டுக்கு வந்து, காபியும் குடித்துவிட்டு, "சுகரு கிகருன்னு வாயத் தொறந்துராதீய அத்தை, பிரீமியம் ஏறிரும்" என்று பாடம் நடத்தியிருக்கிறான். நீயும் வீடியோ காலில், எல்லாரும் அப்படித்தான் சொல்றாங்கம்மா என்றாயாம். இன்சூரன்ஸ் கம்பெனியிலிருந்து சரிபார்க்கப் போனில் அழைத்தபோது உன் அம்மா காலை மாத்திரையை விழுங்கிய வாயைத் துடைத்துக்கொண்டே, எனக்கு ஒரு வியாதியும் இல்லீங்க என்றாள். பக்கத்தில் நின்று கேட்டவன் நான். என் தொழிற்சாலை லைனில் சிவப்புத் தொட்டிக்குப் போக வேண்டிய பழுதான பாகத்தை நல்லது என்று பச்சைத் தொட்டியில் போடுகிறவனை அந்த நாளே வெளியே நிறுத்தச் சொல்பவன் நான். என் வீட்டில் அதைச் செய்ய நீ சொல்லிக் கொடுத்திருக்கிறாய்.

அவளுக்குப் புரியட்டும் என்று எங்கள் கம்பெனியில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டும் யாக்கோபுவின் கதையைச் சொன்னேன். அவரும் பாலிசி எடுக்கும்போது பிரஷரை மறைத்தவர். நெஞ்சுவலியோடு கொண்டுபோனபோது டாக்டர் கேட்க, அவர் மனைவி ஞானம்மா பதற்றத்தில், பல வருஷமா பிரஷருக்கு மாத்திரை போடுறாருங்க என்று உள்ளதைச் சொல்லிவிட்டார். அது டிஸ்சார்ஜ் சம்மரியில் ஏறியது, கிளெய்ம் நிராகரிக்கப்பட்டது. ஆரம்பத்திலேயே உண்மையைச் சொல்லியிருக்க வேண்டும் என்பதற்காக நான் இதைச் சொன்னேன். உன் அம்மா எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "அந்த ஞானம்மாவுக்கு இன்னாத்துக்கு இந்த வாய்" என்றாள். நான் சிரித்துவிட்டேன். அவள் அதை ஒரு விதியாகவே எடுத்துக்கொண்டாள் என்று அப்போது எனக்குத் தெரியவில்லை.

வடக்குப்பட்டில் கிளியம்மாள் அத்தை வீட்டு விசேஷத்துக்குப் போனபோது, சாலையோரம் கிடந்த கம்பி அவள் கால் விரலைக் கிழித்தது. மஞ்சளை அப்பிக்கொண்டு நடந்தாள். மாதச் சர்க்கரைப் பரிசோதனைக்கும் போகவில்லை. டெஸ்ட் எடுத்தா பேப்பர் வரும், பேப்பர் வந்தா புள்ள மாட்டிப்பான் என்று சுபஸ்ரீயிடம் சொல்லியிருக்கிறாள். புண்ணின் வாடை எனக்கு எட்டியபோது விரல் கருத்திருந்தது. நேற்று ஸ்ரீபெரும்புதூருக்கு வலுக்கட்டாயமாக அழைத்துப் போனேன். சுகர் இருக்காம்மா என்று டாக்டர் கேட்டார். என் முகத்தைப் பார்க்காமல், "அதெல்லாம் ஒண்ணும் கெடயாதுங்க, கம்பிதான் குத்திச்சி" என்றாள். டாக்டரிடமே. நான்தான் குறுக்கிட்டு, எந்த மாத்திரை, எத்தனை வேளை என்று எல்லாவற்றையும் சொன்னேன். இன்னும் சில நாள் தள்ளியிருந்தால் விரலை எடுக்க வேண்டி வந்திருக்கும் என்று அவர் என்னைத் திட்டினார். தலைகுனிந்து கேட்டுக்கொண்டேன். இப்போது இன்சுலின், தினமும் கட்டு மாற்றம். பைக்கில் திரும்பும்போது உன் அம்மா பின்னால் இருந்து, "ஏங்க, புள்ள ஆசையா கட்னது வீணாப்பூடுச்சே, நீங்களே காட்டிக் குடுத்துட்டீங்களே" என்று அழுதாள். வலிக்காக ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லை.

பாலிசி உன் பெயரில் உள்ளது. திருத்த உனக்குத்தான் உரிமை. அது கைக்கு வந்து முப்பது நாளுக்குள் ரத்து செய்ய விதி இடம் தருகிறது. அந்த அவகாசம் இன்னும் முடியவில்லை. அருள்பாண்டியைக் கேட்காதே. இன்சூரன்ஸ் கம்பெனிக்கு நேரடியாக எழுதி, அம்மாவின் சர்க்கரையையும் இந்தப் புண்ணையும் தெரிவி. பிரீமியம் கூட்டினால் கட்டுவோம். காத்திருக்கச் சொன்னால் காத்திருப்போம். வேண்டாம் என்றால் வேறிடம் பார்ப்போம். அதற்கும் முன் அம்மாவை அழைத்து, டாக்டர் கேட்டால் உள்ளதைச் சொல் என்று உன் வாயால் சொல். நான் சொல்லிப் பார்த்துவிட்டேன். நீ சொன்ன பொய்யை விரல் கருக்கும்வரை காப்பாற்றியவள் அவள். உண்மையையும் நீ சொன்னால்தான் கேட்பாள்.

கோபமாக எழுதாதே என்று அவள் பக்கத்திலிருந்து சொல்கிறாள். எழுதியாயிற்று. நல்ல உடலோடும் நேர்மையோடும் நீ வாழ எங்கள் இருவரின் ஆசிகள். காலையில் கட்டு மாற்றக் கிளம்புவதற்குள் அவளுக்குப் போன் செய்.

இப்படிக்கு,
உன் அப்பா,
எல்லப்பன்