பதினெட்டாவது கணக்கு

ஜூன் 4

அச்சகக்காரர் வந்தார். எப்போதும் மை படிந்த கையோடு வருபவர் இன்று கையைக் கழுவிவிட்டு வந்திருந்தார். செய்தி நல்லதில்லை என்று அப்போதே தெரிந்துவிட்டது.

"பள்ளிக்கூடத்து லிஸ்ட்ல நம்ம கணக்குப் பயிற்சி இல்லம்மா. வேற புக்கு போட்டுட்டாங்க."

"எந்தப் பள்ளிக்கூடம்?"

"உங்க தம்பி பள்ளிக்கூடந்தான்."

பின்னம், விகிதம் என்றால் இந்த ஊர்ப் பிள்ளைகளுக்கு என் புத்தகம்தான். அதை வேண்டாம் என்றவன் வேறு யாரோ இல்லை, தலைமையாசிரியர் நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் என் உடன்பிறப்பு. ஞாயிற்றுக்கிழமை வந்தானே! குழாய்க்கு வாஷர் மாற்றினான், டீ குடித்தான், கதவு கீல் கிறீச்சிடுகிறது என்று எண்ணெய் விட்டான். இதைப் பற்றி ஒரு வார்த்தை? கிடையாது.

மாலையில் மனம் ஆறுவதற்காக ஒரு கணக்கு எழுதினேன். ஒரு பேருந்தில் 24 பேர். அவர்களில் 3/8 பங்கினர் முதியவர்கள், நின்றுகொண்டு வருகிறார்கள். மற்றவர்கள் உட்கார்ந்திருக்கிறார்கள். உட்கார்ந்திருப்பவர்களில் 1/5 பங்கினர் முதியவர்களைப் பார்த்தார்கள். பார்த்துவிட்டு உட்கார்ந்தே இருந்தார்கள். பார்க்காதது போல் இருந்தவர்கள் எத்தனை பேர்?

விடை 12. சரிபார்த்தாயிற்று.

ஜூன் 6

சொல்லாமல் பள்ளிக்கூடத்துக்குப் போனேன். பீஸ் கட்ட வந்தவர்களோடு என்னையும் பெஞ்சில் உட்கார வைத்தார் கிளார்க். உள்ளே கூப்பிட்டதும் தம்பி எழுந்து, "வாங்கம்மா, உட்காருங்க" என்றான். அம்மாவாம்! கிளார்க் வெளியே போன பிறகுதான் எனக்கு அக்கா பட்டம் திரும்பக் கிடைத்தது.

"எதுக்குக்கா இந்த வெயில்ல வந்த? ஞாயித்துக்கிழமை நானே சொல்லியிருப்பேன்."

"போன ஞாயித்துக்கிழமை வாய்ல வாஷர் போட்டு அடைச்சிருந்தியா?"

புதுப் புத்தகத்தைக் காட்டினான். பக்கத்துக்குப் பக்கம் பலூன், பட்டாம்பூச்சி. இரண்டு முயல்கள் கேரட்டை 2:3 என்று பிரித்துக்கொள்கின்றன.

"முயல் பாகம் பிரிச்சுத் தின்னதை நீ எங்க பார்த்த? பிடுங்கித் தின்னும். அதைச் சொல்லிக் குடு பிள்ளைங்களுக்கு."

அவன் என் புத்தகத்தைப் பிரித்து நான்காவது கணக்கை வாசித்தான். ஒரு வீட்டில் ஐந்து பேர். அப்பா ஒருநாள் பெட்டியோடு போய்விட்டார், திரும்பவில்லை. வீட்டில் மீதி இருப்பவர்கள் எத்தனை பங்கு? நாலாம் வகுப்பில் ஒரு சிறுமி இதற்கு சைபர் என்று எழுதினாளாம். அவள் அப்பா போன வருடம் வீட்டை விட்டுப் போனவராம். விடைத்தாளைத் திருத்திய டீச்சர் அழுதுவிட்டாளாம்.

"தப்பு" என்றேன். "அஞ்சுல நாலு. சைபர்னு எழுதினா மார்க் கிடையாது."

புத்தகத்தை மூடி வைத்தான். "உனக்குக் கணக்கு தெரியும்க்கா. குழந்தைங்களைத் தெரியாது. அதுக்கு ட்ரெய்னிங் எடுத்திருக்கணும், இல்லேன்னா—"

பாதியில் நிறுத்தினான். மீதிப் பாதியை நான் கண்டுபிடிக்க மாட்டேனா? அதுதானே என் தொழில். இல்லேன்னா பெத்திருக்கணும்.

நாலாம் வகுப்போடு என்னை நிறுத்திவிட்டுத்தான் இவனைச் சேர்த்தார்கள். இவன் படித்துத் தூக்கிப் போட்ட புத்தகங்களை அடுப்படியில் வைத்து நானே படித்தேன். பின்னத்தை எனக்கு ஒருவரும் சொல்லித் தரவில்லை. பெற்றவள்தான் பேச வேண்டும் என்றால் இவனை வளர்த்தது யாராம்? அம்மா வேலைக்குப் போன பிறகு இவன் மூக்கைத் துடைத்தது எந்த டீச்சர்?

ஜூன் 7

நீளமாகச் சண்டை போடுவானேன். ஒரு கணக்கு போதும்.

ஜூன் 15

சின்னப் புத்தகம் ஒன்று தயார். இருபது கணக்குகள். அச்சகக்காரர் உதடு அசைய வாசித்துக்கொண்டே வந்தவர் பதினெட்டில் நின்றுவிட்டார்.

'ஓர் அக்காவுக்கும் தம்பிக்கும் சேர்த்து ஒரு ரொட்டி. தம்பி அதில் முக்கால் பங்கைத் தின்றுவிட்டான். மீதியில் பாதியை எறும்பு தின்றது. அக்காவுக்குக் கிடைத்தது எவ்வளவு?'

"அம்மா, அக்கா தம்பின்னா யாருன்னு ஊருக்கே தெரியுமே."

"தெரிஞ்ச ஆள் கணக்குல வந்தா பிள்ளைங்க சீக்கிரம் போடும்."

"அவர் பாவம்மா."

"அரைக்கால் ரொட்டி தின்னவ பாவம் இல்லையா? நீங்க அச்சடிங்க."

பள்ளிக்கூடத்துக்கு எதிரே பென்சில் கடை இருக்கிறது. பென்சில் வாங்கும் பிள்ளைகளுக்கெல்லாம் சும்மா கொடுக்கச் சொல்லிக் கட்டோடு வைத்துவிட்டு வந்தேன்.

ஜூன் 23, ஞாயிறு

அவன் வரவில்லை. குழாய் மறுபடி சொட்டுகிறது.

ஜூலை 2

பென்சில் கடைக்காரர் வழியில் நிறுத்திச் சொன்னார். பிள்ளைகள் தலைமையாசிரியருக்குப் பெயர் வைத்துவிட்டார்களாம். முக்கால் சார்!

காலைக் கூட்டத்தில், "இந்த ஸ்கூல்ல முக்கால்வாசிப் பேர் நகமே வெட்டுறதில்ல" என்று ஆரம்பித்திருக்கிறான். அவ்வளவுதான், மைதானமே சிரித்திருக்கிறது. ட்ரெய்னிங் எடுத்த டீச்சர்மார்களும் புடவைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டார்களாம்.

வீட்டுக்கு வந்து தனியாக உட்கார்ந்து வயிறு வலிக்கச் சிரித்தேன்.

ஜூலை 11

தம்பி மகள் வந்தாள். எப்போதும் செருப்பைக் கழற்றும்போதே "அத்தை, பசிக்குது" என்பவள். இன்று வாசலிலேயே நின்றாள்.

"அந்தக் கணக்கை எடுத்துடு அத்தை."

"ஏன், விடை தப்பா?"

"விளையாடாத. அப்பா தெருவுல நடக்க முடியல. பசங்க மாடியிலருந்து பேரைச் சொல்லிக் கத்துறாங்க. அந்தப் புக்கைக் கடையிலருந்து திருப்பி வாங்கிக்கோ, போதும். இல்லேன்னா வேற ஊருக்கு மாத்தல் கேக்கப் போறேங்கிறாரு. நாங்க போயிட்டா உனக்கு யாரு இருக்கா?"

"என் புத்தகத்தை லிஸ்ட்ல போடச் சொல்லு. எடுத்துடறேன்."

"அவரு சரியாச் சாப்பிடறதுகூட இல்ல அத்தை."

"பரவாயில்ல. அப்பவே முக்கால் தின்னவன்தானே, இன்னும் கொஞ்ச நாள் தாங்கும்."

குழந்தையில் என் இடுப்பில் வளர்ந்த பெண். என்னை ஒரு பார்வை பார்த்தாள். தண்ணீர்கூடக் குடிக்காமல் போய்விட்டாள்.

போகட்டும். நான் பொய் எழுதினேனா? ரொட்டி உண்மை. முக்கால் உண்மை. எறும்பும் உண்மை. சின்ன வயதில் சாயங்காலம் அவன் பள்ளிக்கூடப் பையைத் திறந்தால் எப்போதும் எறும்பு மொய்த்திருக்கும், தட்டிவிட்டுத்தான் தின்றேன். இவர்களுக்கு வலித்தால் உண்மை பொய்யாகிவிடுமா?

ஜூலை 19

கல்வி அதிகாரி ஆய்வுக்கு வந்திருக்கிறார். இரண்டாம் வகுப்பில் ஒரு பொடியனை எழுப்பி, "உங்க ஹெட்மாஸ்டர் பேர் என்ன, சொல்லு பார்ப்போம்" என்று கேட்டாராம்.

"முக்கால் சார்."

பயல் சிரிக்காமல் சொன்னானாம். அதுதான் அவன் பெயர் என்றே நினைத்திருக்கிறான். அதிகாரி பக்கத்தில் நின்ற என் தம்பியைத் திரும்பிப் பார்த்திருக்கிறார். இவன் தரையைப் பார்த்திருக்கிறான்.

பென்சில் கடைக்காரர் இதைச் சொல்லிவிட்டு நான் சிரிப்பேன் என்று காத்திருந்தார். சிரித்தேன்.

ஜூலை 28, ஞாயிறு

வந்தான். இளைத்திருக்கிறான். நாற்காலியில் உட்காராமல் ஜன்னல் பக்கம் நின்றான். மாற்றல் கிடைத்துவிட்டதாம், தூரத்து ஊர்.

"போறதுக்கு முன்னாடி ஒண்ணு கேட்டுட்டுப் போறேன். அந்த ரொட்டி யாரோடதுன்னு நினைச்ச?"

"பள்ளிக்கூடத்துல குடுத்தது. வீட்டுக்குன்னு குடுத்து விட்டாங்க. நம்ம ரெண்டு பேருக்கும்."

"வீட்டுக்குக் குடுக்கலக்கா. அது மத்தியானச் சாப்பாடு. ஆளுக்கு ஒண்ணு. அங்கேயே தின்னுட்டுத்தான் எந்திரிக்கணும். வெளிய எடுத்துட்டுப் போனா அடி. முழு ரொட்டியும் என்னோடது."

நான் மேஜையைத் துடைக்க ஆரம்பித்தேன்.

"கால் பங்கைப் பிச்சு கணக்கு நோட்டுக்கு நடுவுல வைப்பேன். ஒரு தடவை மாட்டிக்கிட்டேன். வராண்டாவுல சரளைக்கல்லு மேல முட்டி போட வச்சாங்க. நீதான் மஞ்சள் வச்சுக் கட்டின. விளையாடும்போது விழுந்துட்டேன்னு சொன்னேன்."

"அப்பவே சொல்லித் தொலைச்சிருக்க வேண்டியதுதானே?"

"சொல்லியிருந்தா நீ தின்னிருக்க மாட்ட."

தெருவில் யாரோ சைக்கிளுக்குக் காற்றடிக்கும் சத்தம். அது நின்றது. பிறகு நான்தான் பேசினேன். என்ன பேசினேன்?

"ரொட்டி யாரோடதுங்கிறது கணக்குக்கு வேண்டாத தகவல்."

ஆமாம், அதைத்தான் சொன்னேன். தலையை ஆட்டிக்கொண்டான், வகுப்பில் ஒரு பிள்ளை தப்பு விடை சொன்னால் ஆட்டுவது போல. வெளியே போகும்போது குழாய் சொட்டுவதைப் பார்த்தான். நின்றான். தொடாமல் போனான்.

ஜூலை 29

எதில் பங்கு என்று சொல்லாத பின்னத்துக்கு அர்த்தமே இல்லை — என் புத்தகத்தின் முதல் பக்கத்தில் நானே எழுதியிருக்கிறேன். எழுதியதற்கெல்லாம் கட்டுப்பட்டால் மனுஷி வாழ முடியுமா?

ஆகஸ்ட் 14

லாரி தெருமுனையில் நின்றதாம். மகள் மட்டும் வந்து கதவைத் தட்டினாள். "அத்தை, கிளம்பறோம். அப்பா வண்டியிலதான் இருக்காரு. முக்குக்கு வந்தாப் போதும், பார்த்துக்கலாம்" என்றாள்.

முட்டி வலி என்று உள்ளேயிருந்தே சொன்னேன்.

எனக்கு முட்டியில் வலியே கிடையாது.

செப்டம்பர் 20

புது ஊரிலும் அந்தப் பெயர் போய்ச் சேர்ந்துவிட்டதாம். பெயருக்கு லாரியா வேண்டும்.

அக்டோபர் 9

பள்ளிக்கூடத்துக்கு வந்திருக்கும் புதுத் தலைமையாசிரியை என்னைத் தேடி வீட்டுக்கே வந்தாள். சின்னப் பெண். இரண்டு புத்தகத்தையும் லிஸ்டில் போட்டுவிட்டாளாம். அப்பா போன கணக்கை மட்டும் மாற்றித் தரச் சொன்னாள். முடியாது என்றேன். சரி, இருக்கட்டும் என்றாள். இவ்வளவு சுலபமாக ஒருவர் எனக்கு விட்டுக்கொடுத்து நான் பார்த்ததில்லை.

"அந்த ரொட்டிக் கணக்குதான் எங்க பிள்ளைங்களுக்கு உயிர். பாட்டாவே பாடுறாங்க மேடம்" என்று சொல்லிச் சிரித்தாள். என்னையும் சிரிக்கச் சொல்வது போல் பார்த்தாள்.

மாலையில் அச்சகத்துக்கு நடந்து போனேன். அச்சகக்காரருக்கு ஒரே சந்தோஷம், இரண்டு புத்தகத்துக்கும் காகிதம் இறங்கியாயிற்று.

"பதினெட்டை எடுத்துடுங்க" என்றேன்.

"எதும்மா? ரொட்டியா? அதுக்குத்தானே வாங்குறாங்க!"

"கணக்கு சரியில்ல."

"நானே போட்டுப் பார்த்தேனேம்மா. அரைக்கால் சரியா வருதே."

"சரியில்லேன்னா சரியில்ல. எடுங்க."

கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு என்னைப் பார்த்தார். மேற்கொண்டு கேட்கவில்லை, நல்ல மனிதர். "அப்போ பத்தொன்பதைப் பதினெட்டா மாத்திடறேன், இருபதைப் பத்தொன்பதா—"

"வேண்டாம். நம்பரையெல்லாம் தொடாதீங்க. அந்த இடம் காலியா இருக்கட்டும்."

"பதினேழுக்கு அப்புறம் பத்தொன்பதா? நல்லா இருக்காதேம்மா."

நல்லா இருக்காதுதான். அச்சுப் பிழை, கிழவிக்கு எண்ணத் தெரியவில்லை என்று நினைப்பார்கள். நினைத்துவிட்டுப் போகட்டும்.