இரண்டு பிஸ்கட் எத்தனை கிராம்?

அனுப்புநர்
மு. விஜயகுமாரி (வயது 34),
அஞ்சல் எழுத்தர்,
பத்துபஸ்தி, போர்ட் பிளேர்.

பெறுநர்
உயர்திரு உணவுப் பாதுகாப்பு நியமன அலுவலர் அவர்கள்,
அந்தமான் நிக்கோபார் நிர்வாகம்,
போர்ட் பிளேர்.

பொருள்: குளூட்டன் இல்லாத வீகன் பிஸ்கட் பொட்டலம் – உறையில் அச்சிட்ட ஊட்டச்சத்து அளவு உள்ளிருக்கும் பிஸ்கட்டுக்குப் பொருந்தாமை – விசாரித்துத் திருத்தக் கோருதல் – தொடர்பாக.

மரியாதைக்குரிய ஐயா,

தங்கள் அலுவலகத்தில் தமிழ் மனுவும் வாங்குவார்கள் என்று கவுண்டரில் கேட்டறிந்த பின்பே இதை எழுதுகிறேன். இந்தியில் சரளமாகப் பேசுவேன், எழுதினால் தடுமாறுவேன். இந்த விஷயத்தில் ஓர் எண்கூடத் தடுமாறக் கூடாது.

1. எனக்குப் பதினோரு வயதிலிருந்து சர்க்கரை நோய். சாப்பிடும் மாவுச்சத்தைக் கணக்கிட்டு, பத்து கிராமுக்கு ஒரு யூனிட் வீதம் இன்சுலின் போட்டுக்கொள்கிறேன். கோதுமையும் என் குடலுக்கு ஆகாது. ஆகவே பயணங்களில் மேற்படி பிஸ்கட்தான் எனக்கு உணவு. வீகன் என்பதில் எனக்குத் தனி ஆர்வம் இல்லை; பால் குடிப்பவள்தான். ஆனால் கோதுமை கலக்காத பிஸ்கட் என்று எங்கள் பக்கத்துக் கடைகளில் கிடைப்பது இது ஒன்றே.

2. கடந்த அக்டோபர் 11ஆம் தேதி, திக்லிபூரில் இருக்கும் என் தங்கை சுதாவின் குழந்தைக்குப் பெயர் சூட்ட, விடியற்காலைப் பேருந்தில் புறப்பட்டேன். ஜிர்காடாங் சோதனைச் சாவடியில் வண்டிகள் காட்டுக்குள் ஒரே வரிசையாகச் செல்லக் காத்திருந்தபோது இரத்தச் சர்க்கரையைப் பார்த்தேன்: 128. உறையில் "ஒரு பரிமாறல்: 2 பிஸ்கட் (40 கிராம்), மாவுச்சத்து 26 கிராம்" என்று இருந்தது. நான்கு பிஸ்கட் சாப்பிட முடிவு செய்து, 52 கிராமுக்கு ஐந்து யூனிட் போட்டேன். பிஸ்கட் வழக்கத்தைவிடச் சிறிதாக இருந்ததைக் கண் கண்டது. ஆனாலும் அச்சில் இருந்ததையே நம்பினேன். இதை மறைக்காமல் சொல்கிறேன்.

3. ஏறக்குறைய ஐம்பது நிமிடம் கழித்துச் சட்டை நனையும் அளவுக்கு வியர்த்தது. கருவியில் 46 காட்டியது. அப்போது நாங்கள் பழங்குடியினருக்கான காப்புக்காட்டின் நடுவே, முன்னும் பின்னும் வண்டிகளோடு போய்க்கொண்டிருந்தோம். அங்கே எந்த வண்டியும் நிற்கக் கூடாது என்பது தாங்கள் அறிந்ததே. குளுக்கோஸ் பொட்டலத்தைப் பெரிய பையில் வைத்து டிக்கியில் போட்டது என் தவறு. "டிக்கி கோல் தோ பையா" என்று அதைத் திறக்கச் சொல்லி நடத்துனரிடம் கெஞ்சினேன். "யஹான் காடி நஹி ருகேகி, பஹன்ஜி", இங்கே வண்டி நிற்காது என்றார் அவர். அவர் மீது எனக்குக் குறை இல்லை. அது விதி.

4. பக்கத்து இருக்கையில் மாயாபந்தர் போகும் ஒச்சம்மா என்ற அம்மாள் இருந்தார். அதுவரை நாங்கள் ஒரு வார்த்தையும் பேசியிருக்கவில்லை. "ஏத்தா, கண்ணு சொருகுதே ஒனக்கு! வாயத் தெற" என்று என் தாடையைப் பிடித்து, பேருந்தில் குமட்டினால் குடிப்பதற்காகத் தமக்கென வாங்கிவைத்திருந்த மாம்பழச் சாற்றை முழுவதும் புகட்டினார். கால் மணி நேரத்தில் எனக்குத் தெளிவு வந்தது. நடந்ததைச் சொன்னேன். அவர் நம்பவில்லை. "பிஸ்கட்டு தின்ன பொறகு யாருக்காச்சும் பசி மயக்கம் வருமா?" என்றார். நியாயமான கேள்வி. திக்லிபூர் போய்ச் சேரும்வரை அதையே யோசித்துக்கொண்டிருந்தேன்.

5. வெயிலில் இன்சுலின் கெட்டிருக்குமோ என்று முதலில் எண்ணினேன். கெட்ட இன்சுலினால் சர்க்கரை ஏறும்; இறங்காது. அடுத்து உறையின் எண்களைச் சோதித்தேன். புரதம் 3, மாவுச்சத்து 26, கொழுப்பு 8 கிராம். புரதத்துக்கும் மாவுச்சத்துக்கும் கிராமுக்கு நான்கு கலோரி, கொழுப்புக்கு ஒன்பது. கூட்டினால் 188. உறையிலும் 188. கணக்கு பிசகாமல் வந்ததுதான் என்னை மேலும் குழப்பியது.

6. அஞ்சலகத்தில் நாள் முழுதும் எடை பார்ப்பது என் வேலை. ஆயினும் பிஸ்கட்டைத் தராசில் வைக்க ஒன்பது நாள் ஆயிற்று. எங்கள் அஞ்சல் அதிகாரி பாலசுப்பிரமணியம் அவர்கள், "ஏம்மா, இதை எந்த ஊருக்கு அனுப்பப் போறே?" என்று கேட்டுச் சிரித்தார். இரண்டு பிஸ்கட் 25 கிராம் காட்டியதும் சிரிப்பை நிறுத்திவிட்டு, தாமே மறுபடி வைத்துப் பார்த்தார். அதே 25.

7. புதிதாக ஒரு பொட்டலம் வாங்கி எண்ணினேன். முன்பு பத்து பிஸ்கட் இருந்த இடத்தில் பதினாறு இருந்தன. மொத்த எடை அன்றும் இன்றும் 200 கிராமே. எடையில் திருட்டு இல்லை. பிஸ்கட்டைச் சிறிதாக்கியவர்கள் "2 பிஸ்கட் (40 கிராம்)" என்ற வரியை மட்டும் மாற்றவில்லை. அன்று நான் உண்டது 52 அல்ல, சுமார் 32 கிராம் மாவுச்சத்து. மூன்று யூனிட் போதும் என்றிருக்க, ஐந்து போட்டிருக்கிறேன்.

8. நிறுவனத்துக்கு மின்னஞ்சல் அனுப்பினேன். பிஸ்கட் வார்க்கும் அச்சு சிறிதாக மாறியது உண்மை என்றும், பழைய உறைகள் தீரும்வரை அவற்றையே பயன்படுத்துவதாகவும், 40 கிராமுக்கான அளவுகள் சரியானவையே என்றும் பதில் வந்தது. நாற்பது கிராமுக்குச் சரிதான், ஐயா. ஆனால் ஓடும் பேருந்தில் யாரும் தராசோடு உட்கார்ந்திருப்பதில்லை.

9. டெய்ரி ஃபார்ம் என்ற பகுதியில் எனக்கு இதை விற்ற கடைக்காரர் பொன்னுத்துரை, "மேன்லேண்ட்ல பேக் பண்ணி கப்பல்ல வர்ற மால்மா, நான் பிரிச்சா பாக்க முடியும்?" என்றார். பிறகு அவரே ஒன்றைப் பிரித்து என் முன்னால் எண்ணினார். மறுபேச்சின்றி மீதிப் பொட்டலங்களை அலமாரியிலிருந்து இறக்கிவிட்டார். ஆறு பொட்டலங்கள் கார் நிக்கோபாருக்குக் கப்பலில் போனதையும் சொன்னார். அங்குள்ள கடைக்காரர் கோகுலுடன் தொலைபேசியில் பேசினோம். ஐந்து கடையிலேயே இருக்கின்றன. ஆறாவதை, "என் மகளுக்கும் சுகர், இது ஒத்துக்குமா?" என்று கேட்டு ஒரு பெண் வாங்கிச் சென்றிருக்கிறார். அவர் பெயரோ எண்ணோ கோகுலுக்குத் தெரியவில்லை.

ஆதலால் தங்களிடம் நான் வேண்டுவன:

முதலாவதாக, கார் நிக்கோபார் மருத்துவமனை வழியாக அந்தப் பெண்ணைத் தேடித் தகவல் சொல்ல ஆவன செய்ய வேண்டும். மற்றவை யாவும் இதற்குப் பின்னரே.

பழைய உறையுள்ள பொட்டலங்களில் "2 பிஸ்கட் 25 கிராம், மாவுச்சத்து சுமார் 16 கிராம்" என்று ஒட்டி விற்க உத்தரவிட வேண்டும். ஒரு மாதிரியை ஆய்வகத்துக்கு அனுப்பி உண்மை அளவைக் கண்டு எனக்கும் தெரிவிக்க வேண்டும். அறிந்துகொள்ள மிகவும் ஆவலாக இருக்கிறேன்.

தயவுசெய்து இந்தப் பிஸ்கட்டைத் தடை மட்டும் செய்துவிடாதீர்கள். அது சுவையாகவே இருக்கிறது. எனக்கு வேறு பிஸ்கட்டும் கிடையாது.

கார் நிக்கோபாருக்கு அடுத்த கப்பல் வெள்ளிக்கிழமை. தங்கள் தொலைபேசி அதற்கு முன்பே அங்கு ஒலிக்கும் என்ற நம்பிக்கையில் இம்மனுவை நேரில் வந்து அளிக்கிறேன்.

இணைப்பு: உறை 2 (அக்டோபர் 11 அன்று உண்ட பொட்டலத்தினது, பின்னர் வாங்கியதினது), நிறுவனத்தின் பதில், பிரிக்காத பொட்டலம் 1.

இடம்: போர்ட் பிளேர்
நாள்: 04.11.2025

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
(ஒப்பம்)
மு. விஜயகுமாரி