லாபம், ரெண்டு, மூணு

7.2.2007, புதன்

கணக்கென்றால் மூன்றாம் வகுப்புக்கு இருக்கும் பயம் போகட்டும் என்று, காரைக்கால் பஸ்ஸில் அளக்கிற படியும் ஒரு பை அரிசியும் தூக்கிக்கொண்டு போனேன். இதுவரை வாயே திறக்காத செல்வி தானாக எழுந்து வந்து அளந்தாள்.

"லாபம், ரெண்டு, மூணு..."

களத்தில் அவள் அப்பா முதல் படியை ராசிக்காக அப்படிச் சொல்லித்தான் நெல் அளப்பாராம்.

"லாபம் இல்லடி, ஒண்ணுன்னு சொல்லு" என்றேன். வகுப்பே சிரித்தது. நானும் சிரித்துத் தொலைத்தேன்.

"எனக்கு அளக்கத் தெரியாது டீச்சர்." படியைக் கீழே வைத்துவிட்டாள். அதன்பிறகு பேசவேயில்லை. இனிமேல் பேசுவாள் என்றும் தோன்றவில்லை. எனக்கெல்லாம் எதற்கு இந்த வேலை?

வீட்டுக்கு வந்து அரிசியைத் திரும்ப டின்னில் அளந்து கொட்டினேன். முதல் படிக்கு என் வாயிலும் லாபம் என்றுதான் வந்தது.