சுருதிப் பெட்டி நின்ற மத்தியானம்

என் தங்க அம்மா,

எங்கே இருக்கிறாய் என்று கேட்டுத்தான் இதைத் தொடங்க வேண்டும். ஆனால் நீ வீட்டிலேயே இருப்பதாக எனக்குத் தோன்றுவதால் அதைக் கேட்கவில்லை. கிள்ளானில் தினமும் மத்தியானம் மழை. படியோரம் நீ வைத்த துளசித் தொட்டிக்குக் கீழ்வீட்டு மக்சிக்தான் தண்ணீர் ஊற்றுகிறார். நான் மறந்துவிடுவேன் என்று அந்த மலாய்க்கார அம்மாவுக்கும் தெரிந்திருக்கிறது.

அப்பா மெலிந்துவிட்டார். அதைப் பற்றியும், உன் சுருதிப் பெட்டியைப் பற்றியும்தான் எழுதுகிறேன்.

நீ சாமி மேடைக்கு முன்னால், பாட உட்கார்ந்தபடியே போய்விட்டாய். கரண்டில் செருகியிருந்த பெட்டி உன் சுருதியான ஐந்தரைக் கட்டையில் ரீங்கரித்துக்கொண்டே இருந்தது. உன்னைக் குளிப்பாட்டிக் கிடத்தி, தலைமாட்டில் விளக்கேற்றினார்கள். யாரோ பெட்டியை அணைக்கப் போனார்கள். அப்பா, "கை வைக்காதே! அதுவும் விளக்கு மாதிரிதான். பதினாறு முடியிற வரைக்கும் அணைக்கக் கூடாது" என்று கத்தினார். இது எந்த ஊர் சாஸ்திரம் என்று ஒருவருக்கும் தெரியவில்லை. துக்க வீட்டில் அவரோடு யார் மல்லுக்கு நிற்பது?

பதினாறாம் நாள் காரியம் முடிந்ததும் விளக்கை மலையேற்றினோம். பெட்டியை மட்டும் அப்பா விடவில்லை. யாரைச் சொல்கிறேன், தெரிகிறதா? போர்ட் கிள்ளானுக்கு லோரி ஓட்டியே வலது காதை இஞ்சினுக்குக் கொடுத்துவிட்டு வந்த மனுஷன். நீ பாட உட்கார்ந்தால், "ஆரம்பிச்சிட்டா லா" என்று முணுமுணுத்துக்கொண்டு கேட்காத காதை உன் பக்கம் திருப்பிக்கொள்வாரே, அவரேதான். அவர் மாதக்கணக்கில் பெட்டியின் பக்கத்திலேயே நாற்காலியைப் போட்டு உட்கார்ந்திருந்தார். தட்டில் போட்ட சோறு போட்டபடியே காய்ந்து கிடக்கும்.

செலாயாங் சித்தி காய்கறிப் பையோடு வரும்போதெல்லாம் எனக்குத்தான் அர்ச்சனை. "ஏன்டி செல்வி, எங்க அக்கா போக வேணாமா? வாசல் வரைக்கும் போனவள கையப் புடிச்சு இழுக்கிறீங்க. நிறுத்தித் தொல. இல்லன்னா அவ தனியா போகமாட்டா, சொல்லிட்டேன்." சொல்லிவிட்டு அப்பாவை ஒரு பார்வை பார்ப்பாள்.

சித்தி பேச்சை நம்புகிறவளா நான் என்று கேட்பாய். நம்பவில்லைதான். ஆனால் அவருடைய கன்னம் ஒட்டிப்போவதை நான் தினமும் பார்த்தேனே. அணைத்தால் நீ இன்னொரு முறை செத்துப்போவாய். அணைக்காவிட்டால் அவரையும் கூட்டிக்கொண்டு போய்விடுவாய். என்னை ஏன் அம்மா இப்படி நடுவில் மாட்டிவிட்டாய்? உன் மேல் எனக்கு அவ்வளவு கோபம்.

அப்போதுதான் ஒருநாள் மக்சிக் படியில் என்னை நிறுத்தினார். மத்தியானத்தில் உன் அம்மா பாடிய பதிவைப் போடுகிறீர்களா என்று மலாயில் கேட்டார். இல்லை மக்சிக், அது வெறும் பெட்டி, ஒரே சத்தம்தான் போடும் என்றேன். அவர் துடைப்பத்தைச் சுவரில் சாய்த்துவிட்டு, மூச்சு வாங்குவதும் கேட்கிறதே, பெட்டி மூச்சு வாங்குமா என்று கேட்டார். பகலெல்லாம் நான் கிடங்கு வேலையில் இருக்கிறேன், வீட்டில் என்ன நடக்கிறது என்று எனக்கு எப்படித் தெரியும்? அந்த வாரமே ராத்திரி ஷிப்டுக்கு மாற்றிக்கொண்டேன்.

பிரிக்பீல்ட்ஸ் சனிக்கிழமைகள் ஞாபகம் இருக்கிறதா? கொமுட்டர் ரயிலில் என்னையும் இழுத்துக்கொண்டு பஜனைக்குப் போவாய். எனக்குச் சுருதி சேரவே சேராது. நான் வாயைத் திறந்தால் பக்கத்துப் பெண்களும் தடுமாறுவார்கள். "நீ ஜால்ரா போடு கண்ணு" என்று நாசூக்காக ஒதுக்கினாய். அதுவும் ஒழுங்காக விழவில்லை. அப்போது பெட்டியெல்லாம் ஏது? குரல்கள்தான் சுருதி. "எல்லாரும் ஒண்ணா மூச்சு வாங்காதீங்கம்மா. பக்கத்துல இருக்கறவங்க வாங்கும்போது நீங்க புடிச்சுக்கணும். சுருதி கீழ விழக் கூடாது" என்று நீ திரும்பத் திரும்பச் சொல்வாய். பாடத் தெரியாத நான் அதை மட்டும் நன்றாகக் கேட்டுக்கொண்டேன்.

ஷிப்டு மாறிய முதல் மத்தியானமே நல்ல மழை. பெரிய இடி ஒன்று விழுந்து கரண்டு ட்ரிப் ஆனது. மின்விசிறி சுற்றி ஓய்ந்தது. ஐஸ் பெட்டி அடங்கியது. சுருதிப் பெட்டியின் சிவப்பு விளக்கும் அணைந்தது.

சுருதி நிற்கவில்லை, அம்மா.

எழுந்து போய் அப்பாவின் முதுகில் கை வைத்தேன். முதுகு அதிர்ந்துகொண்டிருந்தது. கண்ணை மூடி, வாயை மூடி, அதே ஐந்தரைக் கட்டையை ஒரு ஸ்தாயி கீழே பிடித்துக்கொண்டிருந்தார். பெட்டிச் சத்தத்துக்கு அடியில் இத்தனை மாதமும் இதைத்தான் செய்திருக்கிறார். கேட்காத காதை உன் பக்கம் திருப்பியவர் உன் சுருதியை எப்போது வாங்கி வைத்துக்கொண்டார்?

அவர் மூச்சு வாங்க நிறுத்தினார். அப்போதும் சுருதி நிற்கவில்லை. தொண்டையைத் தொட்டுப் பார்த்தேன். அதிர்ந்தது என் தொண்டை. ஜால்ரா போடக்கூட லாயக்கில்லாத நான், பிசிறில்லாமல் பிடித்துக்கொண்டிருந்தேன்.

இவ்வளவுதான் என்றால் இந்தக் கடிதமே தேவையில்லை. மறுபடி ஓர் இடி விழுந்தது. திடுக்கிட்டு நானும் மூச்சை இழுத்தேன், அப்பாவும் இழுத்தார். நீ செய்யாதே என்று சொன்னதையே இரண்டு பேரும் ஒன்றாகச் செய்தோம்.

சுருதி விழவில்லை. மேல் ஸ்தாயியில், சாமி மேடைக்கு முன்னால், ஒருவர் உட்கார்ந்தால் வாய் இருக்கும் உயரத்திலிருந்து வந்தது. ஒரு மூச்சு நேரம்தான். நான் திரும்பிப் பார்க்கவில்லை. பயந்தாங்கொள்ளி என்று வேண்டுமானால் திட்டிக்கொள். அதற்குள் அப்பா மறுபடி பிடித்துக்கொண்டார்.

கொஞ்ச நேரம் கழித்துக் கண்ணைத் திறந்து, "பெட்டி ஓடுதுல்லம்மா?" என்றார்.

"ஓடுதுப்பா."

"சோறு இருக்கா?"

இருந்தது. மீன் குழம்பை ஊற்றிப் பிசைந்து, இரண்டாவது முறையும் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். நான் அடுப்படியில் நின்று அழுது தீர்த்தேன்.

கரண்டு வந்த பிறகும் பெட்டி வரவில்லை. கருகிய நாற்றம்தான் வந்தது. அதைப் பார்த்த சித்தி, "அப்பாடா, போயிட்டா எங்க அக்கா" என்று கன்னத்தில் போட்டுக்கொண்டாள். நான் அவளுக்குத் தேத்தண்ணி கலக்கிக் கொடுத்தேன். அப்பா மேடைப் பக்கம் பார்த்துச் சிரித்தார்.

இப்போது மத்தியானங்களில் நானும் அவர் பக்கத்தில் உட்காருகிறேன். நேற்று மக்சிக் துளசிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டே, இப்போது மூன்று பேர் பாடுகிறீர்களா என்று கேட்டார். இரண்டு பேர்தான் என்று சொல்ல வாயெடுத்தேன். ஆமாம் மக்சிக் என்றுதான் வந்தது.

அந்தப் பெட்டியைப் பழுது பார்க்கக் கொடுக்க மாட்டேன். புதிதும் வாங்க மாட்டேன். அப்பா மூச்சு வாங்கும்போதெல்லாம் நான் பிடித்துக்கொள்கிறேன், சத்தியம். ஒருநாள் அவர் மூச்சு வாங்கவே மாட்டார். அன்றைக்கும் நான் விடமாட்டேன். ஆனால் தனியாளாய் நானும் மூச்சு வாங்க வேண்டுமே, அம்மா. அந்த இடத்தை மட்டும் நீ பார்த்துக்கொள்.

ஜால்ராவைக் கீழே வைத்துவிட்ட,
உன் மகள்
செல்வி